ஒரே கார், வெவ்வேறு கைகள்: நரேன் கார்த்திகேயனின் திறமைக்குச் சான்று சொன்ன பந்தயம்

தாப்பா – தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். அதே மைவி கார்தான். ஆனால் ஒருவர் ஓட்டினால் பின்னிருக்கையில் குழந்தை தூங்கும், இன்னொருவர் ஓட்டினால் வாந்தி எடுக்கும். வித்தியாசம் வண்டியில் இல்லை, ஓட்டும் கையில்தான் இருக்கிறது.

கார் பந்தய உலகில் இதைச் சோதித்துப் பார்க்கவே சில போட்டிகள் உருவாயின. 1973இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஐராக்' தொடரில், பல்வேறு பந்தயங்களின் முன்னணி ஓட்டுநர்கள் 12 பேருக்கும் ஒரே மாதிரியான போர்ஷே கார்கள் கொடுக்கப்பட்டன. அதில் மார்க் டோனஹ்யூ முதல் வெற்றியாளர் ஆனார். அத்தொடர் 2006 வரை நீடித்தது.

*நாட்டுக்கு ஒரு கார்*

நம் நாட்டு ரசிகர்களுக்கு நெருக்கமானது 2005இல் தொடங்கிய ஏ1 கிராண்ட் பிரிக்ஸ். செப்பாங்கிலும் நடந்த இத்தொடரில் ஓட்டுநர்கள் தத்தம் நாட்டுக்காகப் போட்டியிட்டனர். மலேசிய அணிக்கு அலெக்ஸ் யூங், ஃபைருஸ் ஃபௌஸி ஆகியோர் ஓட்டினர்.

முதல் மூன்று பருவங்களில் எல்லா அணிகளுக்கும் லோலா நிறுவனம் கட்டிய ஒரே வகைக் கார், சைடெக்கின் 3.4 லிட்டர் வி8 இயந்திரம். ஒரே வகை டயர். கூடுதல் வேகம் தரும் பொத்தானையும் குறிப்பிட்ட தடவைகள் மட்டுமே அழுத்தலாம். பணக்கார அணி புதிய இயந்திரம் செய்து முந்திவிட முடியாது. ஆனாலும் இறக்கையின் கோணம், டயர் காற்றழுத்தம் போன்றவற்றைச் சரிசெய்யும் பொறியாளரின் திறமைக்கு இடம் இருந்தது.

*2007-08 பருவம்*

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன்றில் நுழைந்த முதல் இந்தியர். ஜோர்டான் அணியின் கார் பின்வரிசையில் ஓடியது. அப்பருவத்தில் அவர் பெற்ற 5 புள்ளிகளும், 6 கார்கள் மட்டுமே ஓடிய அமெரிக்கப் பந்தயத்தில் வந்தவை. 'நல்ல ஓட்டுநரா, அல்லது அன்றைய அதிர்ஷ்டமா?' என்ற கேள்விக்கு ஃபார்முலா ஒன் பதில் சொல்லவில்லை.

ஏ1 பதில் சொன்னது. 2007 டிசம்பரில் சீனாவின் சூஹாயில் பிரதான பந்தயத்தை நரேன் வென்றார். இத்தொடரில் இந்தியாவுக்கு அதுவே முதல் வெற்றி. 2008 மே மாதம் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்சில், பருவத்தின் கடைசிப் பந்தயத்தையும் வென்றார். ஒட்டுமொத்தப் பட்டம் சுவிட்சர்லாந்தின் நீல் ஜானிக்குச் சென்றது. அவருடைய தந்தையும் இந்தியர்தான்.

2012இல் பேங்காக்கில் நடந்த 'ரேஸ் ஆஃப் சாம்பியன்ஸ்' போட்டியின் ஆசியப் பிரிவில், நரேனும் சென்னையின் கருண் சந்தோக்கும் இணைந்து இந்தியாவுக்கு வெற்றி தேடித் தந்தனர். அங்கும் இருவர் மோதும்போது ஒரே வகைக் கார்தான்.

*சமமான கார், சமமில்லாத வாசல்*

ஆனால் ஒரே கார் கொடுப்பதால் எல்லாம் சமமாகிவிடாது. நரேனின் தந்தையே ரேலி வீரர். அந்தக் காருக்குள் அமரும் வரை பயிற்சிக்கும் டயருக்கும் பயணத்துக்கும் பணம் வேண்டும். ஏ1 தொடரே 2009இல் பண நெருக்கடியால் நின்றுபோனது.

வேகத்தில் ஆர்வமுள்ள நம் பிள்ளைகளுக்கு முதல் படி கோ-கார்ட். செப்பாங்கில் அதற்கெனத் தனித் தடம் உண்டு. வாடகைக்கு எடுக்கும் கார்ட்டுகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. யார் கை தேர்ந்தது என்பதை அங்கே கடிகாரமே காட்டிவிடும். மலைச்சாலையில் எதிரே காய்கறி லாரி வரும்போது அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.