காரியச் செவிடு இல்லை

"மகன் கூப்பிட்டா உடனே திரும்புறார், நான் கூப்பிட்டா மட்டும் காது கேக்காது." மாமனாரைப் பற்றி மருமகள்கள் சொல்லும் இந்தப் புகாருக்கு நம் வீடுகளில் ஒரு பட்டமும் தயாராக இருக்கிறது: காரியச் செவிடு. பட்டம் பெற்றவரில் பலர் நிரபராதிகள்.

உட்காதின் நத்தைச்சுருளில், காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் உண்டு. அழிந்தால் திரும்ப முளைக்காதவை. வயதாக ஆக, கீச்சு ஒலிகளை வாங்கும் செல்களே முதலில் தேய்கின்றன. அதனால் ஆண்குரல் தப்பிவிடும். மருமகள் குரலும் பேத்தியின் மழலையும் மங்கும். சொல்லுக்குக் கனம் தரும் உயிரொலிகள் காதில் விழும், வேறுபடுத்திக் காட்டும் மெய்யொலிகள் நழுவும். பத்து, சத்து, கத்து எல்லாம் ஒன்றுபோல ஒலிக்கும். "காது கேக்குது, நீங்கதான் முணுமுணுக்கிறீங்க" என்று பெரியவர் சொல்வது அவரளவில் உண்மை.

அப்போது நாம் கத்துகிறோம். "ஏன் கத்துறே, நான் என்ன செவிடா?" என்று அவரும் எரிந்து விழுவார். இதுவும் வீம்பு இல்லை. மெல்லிய ஒலி எட்டாத அதே காதுக்கு உரத்த ஒலி சட்டென்று தாங்க முடியாததாகிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது. அடுக்களையிலிருந்து குரல் கொடுக்காமல், டிவியை நிறுத்திவிட்டு, எதிரே வந்து முகம் தெரிய நிதானமாகப் பேசினால் போதும். புரியாத வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட வேறு சொற்களில் சொல்வது பலன் தரும்.

கல்யாண மண்டபத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது, மற்றவர்கள் சிரித்தபின் சிரிப்பது, பிறகு விசேஷங்களுக்கே வராமல் தவிர்ப்பது என்று அறிகுறிகள் வளரும். காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். சிலருக்கு அதோடு கதை முடிந்துவிடும். மற்றவர்களுக்கு, கேட்கும் திறனைக் கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராம். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. தாளின் வலப்பக்கம் கோடு சரிந்து இறங்கியிருந்தால், கீச்சு ஒலிகள் போய்விட்டன என்று பொருள். அந்தத் தாளை மருமகளுக்கும் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

காது மெஷின் வாங்கிய முதல் வாரத்திலேயே பீரோவுக்குள் போய்விடுவது ஏன்? ஃபேன், குக்கர், எவர்சில்வர் தட்டு என்று மறந்துபோன இரைச்சலெல்லாம் ஒரேயடியாக வந்து மோதுகிறது. மூளை அவற்றை மறுபடி தரம் பிரிக்கச் சில வாரங்கள் பிடிக்கும். அமைதியான அறையில் தினம் சில மணி நேரம் என்று தொடங்கலாம். கேட்பியல் நிபுணரிடம் திரும்பப் போய், ஒலி அளவைத் திருத்திக்கொள்ளவும் தயங்கக் கூடாது. வசதி இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம்.

மேலே சொன்னதெல்லாம் மெல்ல வருவது. காலையில் எழும்போது ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால், சளி என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. நரம்பு பாதித்திருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரங்களுக்குள் நன்றாக வேலை செய்யும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.