டாக்சி லைசென்ஸும் ஓட்டுநரின் வேலை உரிமையும்: நியூயார்க் சொல்லும் கணக்கு

2013-இல் ஆபீஸ் வேலையாக நியூயார்க் போயிருந்தபோது ஒரு மஞ்சள் டாக்சியில் ஏறினேன். ஓட்டியவர் பஞ்சாப்காரர். என் அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க என்று கேட்டதற்கு, "பன்னிரண்டு மணி நேரம். அதுல முதல் அஞ்சு மணி நேரம் எனக்கு இல்ல, பானெட்ல இருக்கிற தகட்டுக்கு" என்றார். வண்டி வாடகையைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு படிக்கப் படிக்கத்தான் விஷயம் புரிந்தது. அவர் பணம் கட்டியது காருக்காக மட்டும் இல்லை. அந்த ஊரில் டாக்சி ஓட்டும் அனுமதிக்கே தினமும் வாடகை கட்டிக்கொண்டிருந்தார்.

டாக்சிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாமா கூடாதா என்பது பழைய சண்டை. வரம்பு வைத்தால் புதிதாக வருபவனின் வேலை உரிமை பறிபோகிறது என்று ஒரு கட்சி. வரம்பை எடுத்தால் ஏற்கெனவே ஓட்டுபவனின் வயிற்றில் அடிக்கிறது என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சியும் அதிகம் பேசாத ஒரு கேள்வி உண்டு: அந்த லைசென்ஸ் யார் கையில் இருக்கிறது? நியூயார்க் கதையை இந்தக் கேள்வியோடு படித்தால் நிறைய விஷயம் தெளிவாகிறது.

தகடு வந்த கதை

1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர்கள் பலர் டாக்சி ஓட்ட வந்தார்கள். தெருவில் பயணிகளை விட டாக்சிகள் அதிகம். கட்டணத்தைப் போட்டி போட்டுக் குறைத்தார்கள், ஓட்டுநரின் வருமானம் படுத்தது. 1934-இல் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. அதன் பின்னணியில் 1937-இல் ஹாஸ் சட்டம் வந்தது. டாக்சிகளின் எண்ணிக்கை உறைய வைக்கப்பட்டது. அனுமதி பெற்ற ஒவ்வொரு காரின் பானெட்டிலும் ஓர் உலோகத் தகடு பொருத்தப்படும். அதுதான் மெடாலியன். ஆரம்பக் கட்டணம் வெறும் 10 டாலர்.

போர்க்காலத்துக்குப் பிறகு எண்ணிக்கை 11,787-இல் வந்து நின்றது. 1996 வரை அது ஏறவே இல்லை. இடையில் ஊர் எவ்வளவோ மாறிவிட்டது. இன்றைக்கும் மொத்தம் 13,587 தான்.

ஆக, ஓட்டுநரின் பட்டினியும் இந்த வரம்பு வர ஒரு காரணம். அப்புறம் எப்படி அது ஓட்டுநருக்கே சுமையானது?

இரண்டு லைசென்ஸ்

இங்கேதான் கவனிக்க வேண்டும். நியூயார்க்கில் டாக்சி ஓட இரண்டு அனுமதி தேவை. ஒன்று ஓட்டுநருக்கான லைசென்ஸ். தேர்வு, சரிபார்ப்பு எல்லாம் முடித்தால் யாருக்கும் கிடைக்கும், எண்ணிக்கை வரம்பு இல்லை. இன்னொன்று வண்டிக்கான மெடாலியன். வரம்பு இதற்கு மட்டும்தான். மெடாலியனை விற்கலாம், வாங்கலாம், அடகு வைக்கலாம். இதில் பெரும்பகுதி நிறுவனங்களின் கையில், மீதிதான் தனிநபர்களுடையது.

கணக்கு எளிது. தகடு கொஞ்சம், ஓட்டத் தயாராக இருப்பவர்கள் நிறைய. அப்போது பேரம் பேசும் பலம் தகடு வைத்திருப்பவருக்குத்தான். பற்றாக்குறையால் வரும் லாபம் முழுக்க அந்தப் பக்கம் போகும். குடியிருக்கும் வீட்டுக்கு முன்னால் மெட்ரோ வந்தால் வாடகைக்காரருக்கா லாபம், வீட்டுக்காரருக்கா? அதே கதை.

1979 வரை இது ஓரளவு மறைந்திருந்தது. அதுவரை பெரிய டாக்சி கம்பெனிகளில் ஓட்டியவர்கள் ஊழியர்கள். மீட்டரில் விழும் தொகையில் ஒரு பங்கு அவர்களுக்கு. தொழிற்சங்கமும் இருந்தது. மந்தமான நாளில் கம்பெனிக்கும் நஷ்டம், ஓட்டுநருக்கும் நஷ்டம். 1979-இல் டாக்சிகளை மேற்பார்க்கும் ஆணையம் லீஸ் முறையை அனுமதித்தது. அதன் பிறகு ஓட்டுநர் ஒரு ஷிப்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். நான் போன காலத்தில் அது 12 மணி நேரத்துக்கு 100 டாலருக்கு மேல், பெட்ரோல் தனி. மழை, பனி, கூட்டமில்லாத திங்கட்கிழமை என்று எது வந்தாலும் அந்தத் தொகை குறையாது.

இதைவிடப் பெரிய மாற்றம் சட்டத்தில் நடந்தது. லீஸ் எடுத்தவர் ஊழியர் இல்லை, சுயதொழில் செய்பவர். சங்கம் அமைத்துப் பேரம் பேசும் உரிமையைத் தந்த 1935-ஆம் ஆண்டுச் சட்டமும், குறைந்தபட்ச ஊதியம் தந்த 1938-ஆம் ஆண்டுச் சட்டமும் அமெரிக்காவில் ஊழியர்களுக்குத்தான். ஹாஸ் சட்டத்துக்கு முன்னும் பின்னும் வந்த இந்த இரண்டுமே இப்போது டாக்சிக்காரருக்குப் பொருந்தாமல் போயின. உடம்பு சரியில்லை என்று லீவு எடுத்தால் அன்றைக்குச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான்.

மீட்டர் கட்டணத்தை ஏற்றினால் தீருமா? தீராது. கட்டணம் ஏறினால் லீஸும் ஏறும். அதனால்தான் லீஸ் தொகைக்கும் ஓர் உச்சவரம்பு போட வேண்டியிருந்தது. ஒரு வரம்பு இன்னொரு வரம்பைக் குட்டி போட்டது.

சொந்தத் தகடு என்ற கனவு

லீஸிலிருந்து தப்ப ஒரே வழி, சொந்தமாக மெடாலியன் வாங்குவது. 2002 வாக்கில் சுமார் 2 லட்சம் டாலராக இருந்த விலை 2014-இல் 10 லட்சத்தைத் தாண்டியது. நகர நிர்வாகமே புதிய மெடாலியன்களை ஏலம் விட்டு, நல்ல முதலீடு என்று விளம்பரமும் செய்தது. வாங்கியவர்களில் பலர் தெற்காசியா, ஹைட்டி, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து வருடக்கணக்கில் ஓட்டியவர்கள். அசலைத் தொடாமல் வட்டி மட்டும் கட்டும் கடன்கள் தாராளமாகக் கொடுக்கப்பட்டன. கடன் கொடுத்தவர்கள் எப்படியெல்லாம் ஏமாற்றினார்கள் என்பதை 2019-இல் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. அந்தத் தொடருக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஊபர் 2011-இல் வந்தது. கைகாட்டி நிறுத்தும் டாக்சிக்குத்தான் மெடாலியன் வேண்டும். முன்கூட்டி அழைக்கும் வண்டிக்கு வேண்டாம். அந்த வழியாக 2018-க்குள் ஏறத்தாழ 80,000 ஆப் வண்டிகள் தெருவுக்கு வந்துவிட்டன. மெடாலியன் விலை 2 லட்சத்துக்கும் கீழே விழுந்தது, கடன் மட்டும் அப்படியே நின்றது. 2018-இல் ஓட்டுநர்கள் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2021-இல் டாக்சித் தொழிலாளர் கூட்டமைப்பு நகர மன்றத்துக்கு வெளியே உட்கார்ந்து போராடியது, 15 நாள் உண்ணாவிரதமும் இருந்தது. கடைசியில் கடனின் அசலை 1,70,000 டாலராகக் குறைத்து, அதற்கு நகரமே உத்தரவாதம் தர ஒப்புக்கொண்டது.

கதவைத் திறந்தால் போதுமா?

அப்படின்னா வரம்பே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அதைச் செய்து பார்த்த ஊர் டப்ளின். அங்கும் டாக்சி லைசென்ஸ் கள்ள மதிப்போடு கைமாறிக்கொண்டிருந்தது. 2000-இல் அயர்லாந்து உயர் நீதிமன்றம், எண்ணிக்கை வரம்பு என்பது தகுதியுள்ள குடிமகன் அந்தத் தொழிலில் வேலை செய்யும் உரிமையைத் தடுக்கிறது என்று சொல்லித் தள்ளுபடி செய்தது. வேலை உரிமை என்ற வாதம் நேரடியாக ஜெயித்த வழக்கு இது. அதன்பின் டாக்சிகள் பல மடங்கு பெருகின. சேமிப்பையெல்லாம் லைசென்ஸில் போட்ட பழைய ஓட்டுநர்கள் கையைப் பிசைந்தார்கள். 2010-இல் சக்கர நாற்காலி ஏறும் வண்டிகள் தவிர மற்றவற்றுக்குப் புதிய லைசென்ஸ் நிறுத்தப்பட்டது. சுற்றி வந்து பழைய இடம். ஒரு முக்கியமான வித்தியாசம், பிறகு வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் லைசென்ஸை விற்க முடியாதபடி செய்தார்கள்.

நியூயார்க்கும் 2018 ஆகஸ்டில் ஆப் வண்டிகளுக்கு வரம்பு போட்டது. ஆனால் இம்முறை கூடவே இன்னொன்றும் செய்தார்கள். செலவு போக மணிக்கு 17.22 டாலர் ஓட்டுநருக்குக் கிடைக்க வேண்டும் என்ற விதி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன் சூத்திரம் எனக்குப் பிடித்தது. ஒரு மணி நேரத்தில் பயணியோடு ஓடுவது சராசரியாக 58 சதவீதம், அதாவது 35 நிமிடம். மீதி 25 நிமிடம் காத்திருப்பு. அதனால் நிமிடத்துக்கான தொகையை 0.58-ஆல் வகுத்துவிட்டார்கள். காத்திருக்கும் நேரமும் கூலிக்குள் வந்துவிட்டது. வண்டிகளை அளவுக்கு மீறி இறக்கினால் அந்தச் சதவீதம் குறையும், நிறுவனத்தின் செலவு ஏறும்.

இதிலும் ஓட்டை இருந்தது. செலவு தங்கள் தலையில் விழும் என்றதும் நிறுவனங்கள் மந்தமான நேரத்தில் ஓட்டுநர்களை ஆப்பில் நுழையவிடாமல் பூட்டின. 2019-இலும் நடந்தது, 2024-இலும் நடந்தது. வரம்பும் பழைய வேலையைக் காட்டியது. லைசென்ஸ் உள்ள கார் கிடைக்காதவர்கள் அதை வாரவாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று.

என் முடிவு

வரம்பு இருந்தால் தகட்டுக்காரர் சாப்பிடுகிறார். வரம்பு இல்லாவிட்டால் காத்திருக்கும் நேரத்தின் நஷ்டம் முழுக்க ஓட்டுநர் தலையில். இரண்டிலும் அவருடைய மணி நேரங்கள்தான் போகின்றன. அதனால் எந்த ஊரில் டாக்சி விதி பற்றிப் பேச்சு வந்தாலும் நான் இப்போது இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். லைசென்ஸை ஓட்டாதவர் வைத்துக்கொண்டு வாடகைக்கு விட முடியுமா? பயணி இல்லாத நேரத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? முதல் கேள்விக்கு "முடியாது" என்றும், இரண்டாவதற்கு "ஓட்டுநர் இல்லை" என்றும் பதில் வந்தால், எண்ணிக்கை எவ்வளவு என்பதைப் பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். அந்தப் பஞ்சாப்காரருக்கு இரண்டு பதிலுமே எதிராக இருந்தன. அதனால்தான் முதல் அஞ்சு மணி நேரம் அவருடையதாக இல்லை.