முற்றப் புற்றரையில் உக்காப்படை

வீட்டு முற்றத்திற் புல் வளர்த்தலை வீண் அலங்காரமெனக் கருதும் கமக்காரர் சிலர் உளர். மாரியிற் சேறு மிதிபடாமலும் கோடையிற் புழுதி எழாமலும் மண்ணைக் கட்டி வைத்திருப்பது அப்புல்லேயாகும். கன்றைக் கட்டவும் பாயை விரித்து நெல்லை உலர்த்தவும் அது உதவுகின்றது. எனினும் நன்றாய்ப் படர்ந்த புற்றரை சில ஆண்டுகளின் பின் மிதிக்கும்போது மெத்தைபோல் அமுங்குவதும், ஊற்றிய நீர் உட்புகாது வழிந்தோடுவதும், வைகாசி வெயிலில் திட்டுத் திட்டாய் மஞ்சளிப்பதும் பலர் கண்டவையே. உடனே ஒரு கை யூரியாவைக் கூடுதலாய் வீசுவர். பத்து நாட்கள் பசுமை தோன்றும். பின்னர் நிலைமை முன்னையிலும் மோசமாகும்.

நோயின் இடம் இலையன்று. பச்சை இலைக்கும் மண்ணுக்கும் இடையே இறந்த தண்டுகள், ஓடுகொடிகள், வேர்கள் ஆகியன பின்னிக் கிடக்கும் கபிலநிறப் படையே காரணம். அதனை உக்காப்படை எனலாம். கூரிய கத்தியால் மூன்று அங்குல ஆழத்திற்கு ஆப்புவடிவில் ஒரு துண்டை வெட்டியெடுத்துப் பார்த்தால் அது தெளிவாய்ப் புலப்படும். அரை அங்குலம் வரை இருப்பின் கவலையில்லை. அது ஈரத்தைக் காத்து, மிதியையும் தாங்கும். அதற்கு மேற்பட்டால் வேர்கள் மண்ணுக்குட் செல்லாது அப்படையிலேயே தங்கிவிடும். அப்படையோ விரைவிற் காய்வது. ஒருமுறை காய்ந்தால் நீரை எளிதில் ஏற்காதது. மாரியில் அதுவே நனைந்து கிடந்து பூஞ்சண நோய்களுக்கு இடமளிக்கும்.

வெட்டிய புல்லைத் தரையில் விடுவதாலேயே இப்படை சேர்கின்றதெனப் பலர் நம்புகின்றனர். அது பிழை. தோட்டத்திற் பூவரசங்குழை தாழ்த்தவர் இதனை எளிதில் உணர்வர். இலை சில வாரங்களிற் கரைந்துவிடும். காம்பும் கொப்பும் அடுத்த பயிரைக் கொத்தும்போதும் மண்வெட்டியில் தட்டுப்படும். புல்லின் இலையும் அவ்வாறே பெரும்பாலும் நீர். அது விரைவில் உக்கும். தண்டிலும் வேரிலும் இலிக்னின் என்னும் வன்பொருள் மிகுதியாதலால் அவை நெடுநாள் கிடக்கும். அவை உக்கும் வேகத்திலும் விரைவாய்ப் புதியன உண்டாகும்போதே படை தடிக்கின்றது.

அவ்வாறு விரைந்து உண்டாகச் செய்வது பெரும்பாலும் அளவுமீறிய நைதரசனே. நாள்தோறும் சிறிது சிறிதாக நீர் தெளித்தலும் வேரை மேலேயே நிறுத்திவிடும். மிதிபட்டு இறுகிய மண், மண்புழுக்களைக் கொல்லும் பூச்சிநாசினிகள் ஆகியன உக்கும் வேலையைத் தடுக்கின்றன. மண்புழு மண்ணை மேலே கொணர்ந்து படையுடன் கலக்கும் கூலியில்லாத வேலையாள். அதனை இழந்தால் அவ்வேலையை வாரியினாலேயே செய்யவேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்விடயம் புல்லோடு முடிவதில்லை. அங்கே சுண்ணக்கல்லின் மேலுள்ள மண்ணூடாக இறங்கும் நீர் கிணற்றையே சேர்கின்றது. வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டப் பசளை பயிருக்கு வேண்டியதென்றாவது கூறலாம். குடிநீர்க் கிணற்றருகே முற்றத்துப் புல்லுக்கு யூரியாவைக் கொட்டுவதற்கு அந்த நியாயமும் இல்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டபோது ஓர் அந்தர் யூரியாவின் அருமையை அறியாத கமக்காரர் இலர்.

படையை அகற்றுவதற்குப் புல் ஊக்கமாய் வளருங் காலமே ஏற்றது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஐப்பசியின் முதல் மழைகளுக்குப் பின், தரை சற்று ஈரமாயும் சேறாகாமலும் இருக்கும் நாட்களைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். கடுங்கோடையில் இதனைச் செய்தல் புல்லைக் கொல்வதாகும். நெருப்பிடுதலோ அதனினும் கேடு. முதலிற் புல்லைத் தாழ வெட்டி, வலிய இரும்புப் பற்களுள்ள வாரியால் ஒரு திசையிலும், பின் அதற்குக் குறுக்காகவும் அழுத்தி வாருக. தரை அலங்கோலமாய்த் தோன்றும், அதற்கு அஞ்சவேண்டியதில்லை. அறுகு மண்ணுக்குள்ளும் வேர்த்தண்டு உடையதாதலால் விரைவில் மீளும். ஆனால் மலேசியப் புல் என வழங்கும் அகன்ற இலைப்புல் மேலோடும் கொடிகளாலேயே பரவுவது. அதனை அவ்வளவு வலிந்து வாரினால் வேரோடு பெயர்ந்துவிடும். அதற்கு இலேசான வாருதலே தகும். படை ஓரங்குலத்தைத் தாண்டியிருப்பின் எப்புல்லாயினும் ஒரே முறையில் முழுவதையும் எடுத்தலாகாது, வேர்களும் உடன்போய்விடும். இரண்டு மூன்று மாரிகளிற் பகுதிபகுதியாய் எடுக்கலாம்.

வாரியபின், தோட்ட முள்ளினால் மூன்று அங்குல ஆழத்திற்குக் குத்தித் துளைகள் இடுக. பின்னர் அதே இடத்து மண்ணுடன் நன்கு உக்கிய மாட்டெருவைக் கலந்து, அரித்து, கால் அங்குலத்திற்கு மேற்படாமற் தூவி, ஈர்க்குமாற்றினால் இலைகளின் இடையே தள்ளிவிடுக. உக்காப்படையைக் கரைக்கும் நுண்ணுயிர்கள் அம்மண்ணிலேயே உள்ளன. வேற்று மணலைக் கனமாய்ப் பரப்பினால் அது தனிப்படையாய் நின்று நீரோட்டத்தைக் குழப்பும்.

மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் மண் புளித்திருத்தல் வழக்கம். மண்ணைச் சோதித்து, பீ.எச். 5.5இலும் குறைந்திருப்பின் டொலமைற் இடுதல் நன்று. சுண்ணக்கல் மேலுள்ள யாழ்ப்பாணச் செம்மண்ணுக்கு அது வேண்டியதில்லை; அயலவர் இட்டாரென்று இடுவது பணவிரயம்.

அதன்பின் நீரை அடிக்கடி தெளியாது, தரை காயத் தொடங்கியபின் ஆழமாய் நனையும்படி விடுதல் வேண்டும். வெட்டும்போது இலையில் மூன்றிலொன்றுக்கு மேல் எடுக்காது, அடிக்கடி வெட்டி, வெட்டியதை அங்கேயே விட்டுவிடலாம்.

வாரியெடுத்த உக்காப்படை கடகம் கடகமாய் வரும். அதனைக் கத்தரி, மிளகாய் அடியில் மூடுபடையாக இடலாம். ஆயின் பச்சையாக இடலாகாது. அதிற் கிடக்கும் அறுகின் ஒரு கணுவும் தோட்டத்தில் முளைத்துவிடும். பல நாட்கள் வெயிலில் மொறுமொறுவெனக் காயவிட்டு, கொடிகளை உடைத்துப் பார்த்து, உள்ளே பச்சை இல்லையெனக் கண்டபின்னரே தோட்டத்திற்கு எடுத்துச்செல்க. மழை விடாதாயின், சாணக் கரைசல் தெளித்துக் கூட்டெருக் குவியலின் நடுவே, சூடு மிகுந்த இடத்தில் புதைத்துவிடுக.