இரு தரப்பையும் கேட்டல்

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்திற்குக் கூட்டுறவுச் சங்கங்களும் உட்பட்டவையே. வீரவநல்லூரில் தறி நெய்வோர் சங்கமாயினும், அம்பாசமுத்திரத்தில் நெல் விளைவிப்போர் சங்கமாயினும் இதற்கு விலக்கில்லை.

ஊழியர் ஒருவர் மீது முறையீடு வந்தால் என்ன செய்வது என்று காரியதரிசிகள் நம்மை வினவுவதுண்டு. 'உடனே நீக்கிவிட்டால் சங்கத்தின் பெயர் தப்புமன்றோ' என்பர் சிலர். 'நெடுநாள் உழைத்தவர், காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாமே' என்பர் வேறு சிலர். இரண்டும் தவறு.

கோவாப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் வழக்கு இதற்குச் சான்று. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில், விசாரணைக் குழு அவருக்குப் போதிய அவகாசம் அளியாது, அமர்வுகளை அடுக்கடுக்காக நடத்தி முடித்தது. அவர் பதவி இழந்தார். 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்நீக்கத்தை ரத்துச் செய்து, விசாரணையை மீண்டும் நடத்தப் பணித்தது. பதினான்கு ஆண்டுகள் கழிந்தும் குற்றம் உண்டா இல்லையா என்பது முடிவாகவில்லை. அவசரத்தால் நஷ்டமடைந்தவர் அவர் மட்டுமல்லர், முறையிட்டவர்களுமே.

ஆகவே குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமைகளை அறிதல் நம் கடமையாகும். முறையீட்டின் பிரதி 7 வேலை நாட்களுக்குள் அவருக்கு அனுப்பப்பட வேண்டும். அதற்குப் பதிலும், ஆவணங்களும், சாட்சிகளின் பெயர்களும் தர அவருக்கு 10 வேலை நாட்கள் உண்டு. சாட்சிகளை அவர் வினவலாம். எதிரெதிரே நிறுத்தாமல், அவர் எழுதிக் கொடுக்கும் வினாக்களைக் குழுவே கேட்கும் முறையையும் நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. வழக்கறிஞரை அமர்த்த இரு தரப்பாருக்கும் இடமில்லை. விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். அறிக்கை இருவருக்கும் கிட்ட வேண்டும். மேல்முறையீட்டுக்கும் 90 நாட்கள் உண்டு. இருவர் பெயரையும் வெளியிடலாகாது.

வேண்டுமென்றே பொய் கூறியதாக விசாரணையில் நிலைநாட்டப்பட்டால், முறையிட்டவர் மீது நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் நிரூபிக்க இயலாமை வேறு, பொய் வேறு. இவ்வேறுபாட்டை மறந்தால் நாளை எப்பெண்ணும் வாய் திறவாள்.

பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் சங்கம் தன் குழுவை இன்றே அமைத்தல் நன்று. பத்துக்குக் குறைந்தாலும், சங்கத்தை நடத்தும் முதலாளி மீதே முறையீடு எழுந்தாலும், மாவட்ட உள்ளூர்க் குழுவை அணுகலாம்.

தாமிரபரணிக் கால்வாயில் தலைமடைக்கும் கடைமடைக்கும் முறை வைத்தே நீர் பாய்ச்சுகிறோம். நியாயத்திற்கும் முறை உண்டு. அது தவறினால் இரு வயலும் காயும்.