நாடி நின்றால் போதுமா?

மாத்தளை மாவட்டத்தில் ரத்தோட்டையிலிருந்து இலுக்கும்புறைக்குச் செல்லும் மலைப்பாதையில் உள்ளது ரிவர்ஸ்டன். பனிமூட்டமும் பலத்த காற்றும் அவ்விடத்தின் இயல்பு. ஒருமுறை மாணவர்களோடு அங்கே நின்றபோது, ஒரு சிறுவன் தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து, “ஐயா, எனக்கு நாடியே இல்லை!” என்றான். யாவரும் நகைத்தோம். நாடி இருந்தது, குளிரில் மரத்த விரலுக்கு அது புலப்படவில்லை.

மரணத்தை உறுதிசெய்யும் வைத்தியருக்கும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. உயிர் உண்டென்பதற்கு ஒரு மூச்சே சான்றாகும். இல்லையென்று கூறவோ, கழுத்து நாடி, இதய ஒலி, சுவாசம், ஒளிபட்டால் கண்மணி சுருங்குதல் ஆகிய அனைத்தையும் சோதித்தல் வேண்டும். இதயமும் மூச்சும் நின்றபின் ஐந்து நிமிடமேனும் கவனித்திருக்க வேண்டுமென்பது பிரித்தானிய வைத்திய நெறி.

கடுங்குளிர் உயிர்க்குறிகளை மறைத்துவிடும். 1999ஆம் ஆண்டு நோர்வேயில் பனிக்கட்டியின்கீழ் நீரில் சிக்கிய அன்னா போகென்ஹோல்ம் என்ற வைத்தியரின் உடல்வெப்பம் 13.7 பாகை செல்சியசாகத் தாழ்ந்தது, இதயமும் நின்றிருந்தது. வைத்தியர்கள் உடலை வெப்பமேற்றி அவரைப் பிழைக்கச் செய்தனர். ஆகவேதான், குளிர்ந்த உடலைச் சூடேற்றிப் பாராமல் மரணமென்று முடிவுசெய்ய அவர்கள் தயங்குகின்றனர்.

அத்தகைய உறைகுளிர் நம் நாட்டில் இல்லை. ஆயினும், மலைகளுக்கு அப்பாலுள்ள உலர்வலயத்தில் கட்டு விரியன் உண்டு. தரையில் உறங்குவோரை அது இரவில் தீண்டும். வலியும் வீக்கமும் பெரிதாக இரா. நஞ்சு தசைகளை முடக்குவதால் இமை திறவாது, கண்மணி அசையாது, மூச்சும் நின்றுபோகும். அந்நிலையிலும் இதயம் துடித்துக்கொண்டிருக்கலாம். சுற்றத்தார் அழும் குரலை அவர் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். காலந்தாழ்த்தாது செயற்கைச் சுவாசம் அளித்தால், சில நாட்களில் அவர் எழுந்திருத்தல் கூடும்.

இனி, சுவாச இயந்திரம் கொணர்ந்த சிக்கல் ஒன்று. மூளை முற்றும் செயலிழந்த பின்னும், இயந்திரத்தின் துணையால் இதயம் சிறிது காலம் துடிக்கும். மூளையின் செயல்கள் யாவும் மீளாதவாறு நின்றுவிடுவதும் மரணமே என்பதை இலங்கையின் 1987ஆம் ஆண்டு 48ஆம் இலக்கச் சட்டம் ஏற்கின்றது. எனினும், குளிரோ நஞ்சோ மயக்க மருந்தோ காரணமன்று எனத் தெளிந்த பின்னரே வைத்தியர் அம்முடிவுக்கு வருதல் வேண்டும்.

எனவே நேயர்களே, பாம்பு தீண்டியவர் அசைவற்றுக் கிடப்பின், இறந்தாரென நாமே தீர்ப்பளித்துவிடலாகாது. விரைந்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வோம். அங்கே வைத்தியர் மீண்டும் மீண்டும் சோதித்துத் தாமதிப்பாராயின், பொறுத்திருப்போம். நம்மவர் உயிரின் பொருட்டே அவர் தாமதிக்கின்றார்.