லினக்ஸில் விளையாட்டு

கணினி விளையாட்டைப் பற்றி எழுதுவதற்குக் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிதானா இடம் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். விளையாடுவோர் நம்முள் பலர். தாம் விளையாடும் பொறியினுள் யாது நிகழ்கின்றதென்று எண்ணுவோர் மிகச் சிலர். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் விளையாட விரும்பியோர்க்கோ, அதனை எண்ணாமல் விளையாடுதல் நெடுங்காலம் இயலாததாயிருந்தது. இன்று பெரும்பாலும் இயலுகின்றது. அஃது எவ்வாறு இயன்றது, இன்னும் எங்கே இயலாதிருக்கின்றது என்பவற்றைக் கூறுவதே இவ்வியாசத்தின் கருத்து.

சென்னையின் மேற்புறத்தார் பலர்க்கு லினக்ஸ் வீடு தேடியே வந்தது. 2011 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள், ஆவடியினின்று மேற்கே செல்லும் இருப்புப்பாதை வழியில் திருவள்ளூரை அடுத்துள்ள காக்களூரில், மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை அந்நாள் முதலமைச்சர் ஜெயலலிதா அவர்கள் தொடங்கிவைத்தார். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மூன்றும் அக்காலத்தில் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அக்கணினியுள் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ் லினக்ஸ். இது சி-டாக் என்னும் நடுவணரசு நிறுவனத்தின் சென்னைப் பிரிவினர் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு ஆக்கியது. தமிழ் முதலிய இந்திய மொழிகளில் வழங்குதற்கு ஏற்றது. பொறியை இயக்கியவுடன், இரண்டனுள் எதனுட் புகுவது என்று திரை கேட்கும். பாஸ் என்னும் பெயரைத் தேர்ந்தவர் எத்துணையர்? அக்கணினி பெற்ற மூத்தோர் சிலரை யான் உசாவியதுண்டு. ஏறக்குறைய எல்லோரும் இறுத்த விடை ஒன்றே: "அதில் கேம் ஓடாது." இருகட்டு வீட்டில் ஒரு கட்டு விளக்கேற்றப்படாமலே கிடந்தது.

அத்தீர்ப்பு முற்றும் பொய்யன்று, முற்றும் மெய்யுமன்று. டூம் என்னும் புகழ்பெற்ற விளையாட்டு 1994 ஆம் ஆண்டிலேயே லினக்ஸுக்கு வந்துவிட்டது. 1998 இல் தோன்றிய லோக்கி என்னும் நிறுவனம், பிறர் ஆக்கிய விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றி விற்றுப் பார்த்தது, வணிகம் நிலைக்கவில்லை, 2002 இல் மூடப்பட்டது. விற்பனைக்கென்று அமையாதவையே நிலைபெற்றன. அவற்றுள் யான் விரும்புவது 2003 இல் தோன்றிய 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்'. அறுகோணக் கட்டங்களாலான நிலத்தில், சதுரங்கம்போல் முறைவைத்துப் படை நகர்த்தும் ஆட்டம் அது. வீரருட் சிலர் பகலில் வலிமை மிகுவர். சிலர் இரவில் மிகுவர். ஆதலின் அந்தி நேரத்தில் ஆற்றைக் கடப்பதா, விடியுமட்டும் அரணுள் அடங்கியிருப்பதா என்று எண்ணித் துணிதல் வேண்டும். ஊர்களைக் கைக்கொண்டாற் பொன் வரும். பொழுதும் நிலமும் போரை ஆளும் இவ்வமைப்பு, புறத்திணை பயில்வோர்க்குத் தனிச்சுவை தருவது. விலை இல்லை, மூலநிரலும் யாவர்க்கும் திறந்துள்ளது. 2 ஜி.பி. நினைவகமுடைய அப்பழைய மடிக்கணினியிலும் இதன் முற்பதிப்புகள் தடையின்றி ஓடும்.

எனினும், வகுப்பு விட்டதும் நண்பர்கள் கூடிப் பேசுவது வெஸ்நாத்தைப் பற்றியன்று; விண்டோஸுக்கென்றே ஆக்கப்பட்ட பெருவிளையாட்டுகளைப் பற்றியே. அவை லினக்ஸில் ஓடாமைக்குக் காரணம் யாது? செயலி இரண்டிற்கும் ஒன்றே; கூட்டலும் பெருக்கலும் அதற்கு வேறுபடுவன அல்ல. ஆனால் விளையாட்டு தனித்து நின்று யாதும் செய்துவிடுவதில்லை. 'இக்கோப்பைத் திற', 'இவ்வொலியை எழுப்பு', 'இச்சாளரத்தை வரை' என்று இயங்குதளத்தை இடையறாது வேண்டிக்கொண்டேயிருக்கும். அவ்வேண்டுகோள்கள் விண்டோஸின் மொழியில் அமைந்தவை, லினக்ஸுக்கு விளங்கா.

இருமொழியாளர் இடையே நம் நாட்டில் முன்னாளில் துபாஷிகள் நின்றனர். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் துரைக்கு ஆனந்தரங்கப் பிள்ளை அங்ஙனம் நின்றவர். ஒயின் என்னும் மென்பொருள் அத்தகையதோர் துபாஷி. (பெயரைக் கேட்டு விடுதிக் காப்பாளர் ஐயுற வேண்டா, அது சில ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளாலான பெயரே.) விளையாட்டு விண்டோஸின் மொழியில் வேண்டுவதை இது லினக்ஸின் மொழியில் கூறும், லினக்ஸ் தரும் விடையை விண்டோஸே தந்தாற்போல் திருப்பிக் கொடுக்கும். போலிக் கணினி ஒன்றைக் கட்டி அதனுள் ஓட்டுவதன்று. பேச்சை மட்டுமே பெயர்ப்பது. ஆகவே வேகம் பெரிதும் குன்றுவதில்லை. 1993 இல் தொடங்கிய இப்பணியின் 1.0 பதிப்பு வெளிவந்தது 2008 இல். 15 ஆண்டுகள்! விண்டோஸின் உள்நிரல் மறைபொருளாதலின், இன்ன வேண்டுகோளுக்கு இன்ன விடை என்று புறத்தே நின்று ஆய்ந்தறிந்து எழுதவேண்டியிருந்தது. அன்றியும், விண்டோஸின் பிழைகளைச் சார்ந்து நிற்கும் நிரல்களும் உள. நல்ல துபாஷி அப்பிழைகளையும் பிழையாமற் பெயர்த்தல் வேண்டும்! மொழிபெயர்ப்பில் முயன்ற எவர்க்கும் இத்துன்பம் புதிதன்று.

இதற்குப் பின்னும் எஞ்சி நின்றது சித்திரம். விண்டோஸ் விளையாட்டுகள் காட்சிகளை டைரக்ட்3டி என்னும் முறையில் வரையச் சொல்லும். இதனை ஓபன்ஜிஎல் என்னும் பழைய முறைக்குப் பெயர்த்தபொழுது பல விளையாட்டுகள் தளர்ந்தன. 2016 இல் வல்கன் என்னும் புதுமுறை வந்தது. பிலிப் ரெபோலே என்பவர், 'நீர்: ஆட்டோமேட்டா' என்னும் விளையாட்டைத் தாம் லினக்ஸில் ஆடவேண்டும் என்னும் ஆசையினால், டைரக்ட்3டியை வல்கனுக்குப் பெயர்க்கும் டிஎக்ஸ்விகே என்னும் நிரலை எழுதத் தொடங்கினார். வால்வ் நிறுவனம் அதனையும் ஒயினையும் இணைத்துப் புரோட்டான் என்னும் பெயரால் 2018 ஆகஸ்டில் தன் ஸ்டீம் கடையினுள் வைத்தது. 2022 இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்னும் கைப்பொறி லினக்ஸிலேயே இயங்குவது. விளையாட விரும்பிய ஒருவர் எழுதிய நிரல் ஒரு பொறிக்கே உயிராயிற்று. ஆனால் 2011 இல் வந்த மடிக்கணினி வைத்திருப்போர் இதனைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டா. வல்கன் அறியாத அப்பழைய சித்திரப்பொறிகட்குப் பழைய ஒயினும் பழைய விளையாட்டுமே கதி.

லினக்ஸில் விளையாடுவோரின் பேச்சே ஒரு தனிமுறையினது. பிறர் "நன்று", "தீது" என்று முடித்துவிடுவர். இவரோ மருத்துவர் குறிப்புப்போல் எழுதுவர்: இன்ன லினக்ஸ், இன்ன சித்திர அட்டை, இன்ன புரோட்டான் பதிப்பு, முதற் சில நிமிடம் தடுக்கித் தடுக்கி ஓடியது, பின்னர்ச் சீராயிற்று, ஒலி எழவில்லை, இவ்வாறு செய்தபின் எழுந்தது. தடுக்குவதற்குக் காரணம், ஒளி நிழல்களை ஆக்கும் சிறு நிரல்கள் முதன்முறை பெயர்க்கப்படுவதே. பெயர்த்தவை சேமிக்கப்படுதலின் மறுமுறை தடுக்குவதில்லை. இத்தகைய குறிப்புகளைத் திரட்டி, பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம், பழுது என விளையாட்டுகளைத் தரம் பிரிப்பது புரோட்டான் டிபி. கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிவரும் 'கணியம்' இதழ் 2012 இல் தோன்றியது. விளையாட்டுக் குறிப்புகளும் தமிழில் இவ்வாறு பெருகுமாயின், ஆங்கிலம் அஞ்சும் பள்ளிச் சிறுவன் ஒருவன் தன் கணினியைத் தானே செப்பனிட்டுக்கொள்வான்.

இனி இயலாத இடம். பலர் கூடி இணையத்தில் ஆடும் போட்டிகளில் வஞ்சகரைத் தடுக்கக் காவல்நிரல்கள் உண்டு. வேலோரன்ட் விளையாட்டின் வேன்கார்ட் என்னும் காவலன் விண்டோஸின் கருவறையாகிய கர்னலினுட் புகுந்து, கணினி விழிக்கும்போதே விழித்திருப்பவன். துபாஷியை அவன் நம்பான். ஆதலின் லினக்ஸில் வேலோரன்ட் இல்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. வஞ்சகர்க்கு லினக்ஸ் வழிவிடுகின்றதென்று கூறி, அதனை ஆக்கியோர் 2024 அக்டோபர் இறுதியில் கதவடைத்தனர். அவர் கூற்றில் உண்மை அறவே இல்லையெனல் நேர்மையன்று. ஆயினும் ஒரு விளையாட்டின் பொருட்டுக் கணினியின் கருவறைத் திறவுகோலை அயலார் கையிற் கொடுக்க என் மனம் ஒருப்படவில்லை. இதன் விலையையும் சொல்லிவிடுகின்றேன்: தோழர் ஐவர் சேர்ந்து ஆடும் மாலைகளில் லினக்ஸ் வைத்திருப்பவன் அறுவனாய் நிற்பான். அது சிறு துயரமன்று.

2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு விண்டோஸ் 10 இன் பொதுவான ஆதரவு முடிவுற்றது. ஏறத்தாழ 2017 க்கு முற்பட்ட கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. வீட்டில் அத்தகைய கணினி வைத்திருப்போர் அதனைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியை இயக்கினால், வன்தட்டிலுள்ள விண்டோஸ் தொடப்படாமலே இருக்கும். ஒலி எழுகின்றதா, வைஃபை இணைகின்றதா என்று பார்த்துவிட்டு, வெஸ்நாத்தை அங்கேயே இறக்கி ஒரு போரும் நடத்தலாம். பொறியை நிறுத்தியவுடன் அப்போர் நினைவகத்தோடு மறைந்துபோம். வெற்றியைக் காத்துக்கொள்ள விரும்புவோர், வன்தட்டில் இடம் ஒதுக்கி லினக்ஸை முறையாக நிறுவிக்கொள்ளுதல் வேண்டும்.