பொதிகை உச்சிக்கு அன்றைய வழியும் இன்றைய வழியும்

திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்கள் பொதிகை ஏறிய கதையைப் பாபநாசத்தில்தான் தொடங்குவார்கள். காரையாறு அணையில் படகு, பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, அதற்குமேல் காடு. அரிசியும் பாத்திரமும் தலைச்சுமை. உச்சியில் அகத்தியருக்குப் பூசை முடித்துத் திரும்ப நாள்கணக்கில் ஆகும்.

இன்று அந்த வழி அடைபட்டுவிட்டது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் வழியே உச்சிக்குப் போக அனுமதி இல்லை. 1,868 மீட்டர் உயரச் சிகரம் தாமிரபரணியின் தலைமாட்டிலேயே நின்றாலும், அதில் கால்வைக்க நெல்லைக்காரரும் திருவனந்தபுரம் போய், போனக்காட்டிலிருந்துதான் நடக்க வேண்டும். கேரள வனத்துறை பொங்கலை ஒட்டிச் சில வாரங்களுக்கு மட்டும் வழியைத் திறக்கிறது. ஆன்லைனில் முன்பதிவு. முதல் நாள் முழுக்க நடந்து அதிருமலை முகாமில் தங்கல். மறுநாள் ஈற்றைக்காட்டைத் தாண்டிப் பொங்காலப்பாறை. அதற்குமேல் மரங்கள் குட்டையாகி, வெறும் பாறைச்சரிவு வந்துவிடும். கயிறு கட்டியிருக்கிறார்கள். பனிமூட்டத்தில் பாறை நனைந்திருந்தால் கயிற்றைப் பிடித்தும் கால் வழுக்கும்.

கயிறும் முகாமும் இல்லாத காலத்தில் இந்த உச்சியில் ஓர் ஆய்வுக்கூடமே இருந்தது. திருவிதாங்கூர் மன்னரின் வானியல் நிலையத்துக்குத் தலைவராக வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் புரௌன் 1855இல் அதை எழுப்பினார். பூமியின் காந்தப்புலம் கடல்மட்டத்துக்கு அருகே எப்படி மாறுகிறது, மலையுச்சியில் எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அதற்காகக் கருவிகள் ஆள்சுமையாக ஏறின. காற்றும் மழையும் ஓயாத இடத்தில் ஆட்கள் தங்கி ஊசியின் அசைவைக் குறித்தார்கள். அளவீடுகள் 1874இல் நூலாக வந்தன. அட்டையில் இருப்பது புரௌனின் பெயர். சுமந்தவர்களின் பெயரையும் அறிய எனக்கு ஆசை.

பெண்களுக்கு உச்சி வெகுகாலம் மறுக்கப்பட்டிருந்தது. 2018இல் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்கவில்லை. 2019 ஜனவரியில் பெண்கள் ஏறினார்கள். அகத்தியரைத் தங்கள் குலமூத்தவராக வணங்கும் காணிப் பழங்குடி மக்கள் வருந்தி எதிர்த்தார்கள். அவர்கள் வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் தீர்ப்பு சரியானதே.

அவர்கள் வருத்தத்தை மதிக்கக் காரணம், இந்தக் காட்டின் அறிவே காணிகளுடையது என்பதுதான். 1987இல் இங்கே ஆய்வுக்கு வந்த அறிவியலாளர்கள் மூச்சுவாங்கி நின்றபோது, வழிகாட்டிய காணிகள் ஏதோ ஒரு காயை மென்றபடி களைக்காமல் நடந்தார்கள். அது ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் காய். அந்தச் செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. வருமானத்தில் பழங்குடியினருக்கும் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடாக உலகமெங்கும் அது பேசப்பட்டது. இன்றும் போனக்காட்டு வழியில் முன்னால் நடப்பவர்கள் காணிகளே.

தமிழகப் பக்கத்தையும் திறந்துவிடச் சொல்லும் மலையேறிகள் உண்டு. வேண்டாம் என்பேன். அந்தச் சரிவுகளில் வடியும் தண்ணீரில்தான் பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை நெல் விளைகிறது. ஏற விரும்புகிறவர்கள் கேரளத்தில் முன்பதிவு செய்து, காணி ஒருவரின் பின்னால் நடக்கட்டும்.